அந்தக் கால மொபைலில் ஈமெயில்: நடுவில் நின்றவர்கள் யார் யார்?

இன்னிக்கு ஒரு புது போன் வாங்கி சிம்மைப் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் மெயில் வந்து நிற்கிறது. எந்த செட்டிங்கையும் நாம் தொடுவதில்லை. 2004 வாக்கில் அப்படி இல்லை. நோக்கியா 6600 மாதிரி ஒரு போனில் மெயில் பார்க்கணும்னா பத்துப் பதினைந்து கட்டங்களை நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் "இணைப்பு இல்லை" என்ற ஒரே பதில்தான் வரும்.

அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் எதற்கு இருந்தது என்று விளக்குவதுதான் இந்தக் குறிப்பு. பழசை நினைத்துப் பெருமூச்சு விட அல்ல. உங்களுக்கும் உங்கள் மெயிலுக்கும் நடுவில் யாரோ ஒருத்தர் நிற்கிறார், அவர் பெயரைத்தான் நாம் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதிக்கொண்டிருந்தோம். இப்போ கட்டங்கள் கண்ணில் படுவதில்லை. நடுவில் நிற்கிறவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

முதலில் போன் வெறும் மோடம்

இந்தியாவில் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31-ல் நடந்தது. பொதுமக்களுக்கு இன்டர்நெட்டை விஎஸ்என்எல் கொடுக்க ஆரம்பித்தது அதே வருஷம் ஆகஸ்ட் 15. இரண்டுக்கும் நடுவில் பதினைந்தே நாள். ஆனால் இரண்டும் ஒரே சட்டைப்பையில் சேர்ந்து உட்கார கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆனது.

ஆரம்பத்தில் ஜிஎஸ்எம் போனில் டேட்டா என்றால் அதுவும் ஒரு போன் கால்தான். லைன் பிடித்து, நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் ஓட்ட வேண்டும். மெயில் வந்ததோ வரலையோ, நிமிஷக் கணக்கில் காசு போகும். 2002 டிசம்பர் 28-ல் தொடங்கிய ரிலையன்ஸ் இன்ஃபோகாம் சிடிஎம்ஏ போன்களிலும், கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து #777 என்று டயல் செய்தால் நெட் வரும். அங்கேயும் போன் ஒரு மோடம்தான். மெயிலைப் படிப்பது கம்ப்யூட்டர்.

போனே மெயிலைப் படிக்கணும்னா ஜிபிஆர்எஸ் வரவேண்டியிருந்தது. இதில் லைன் பிடித்து வைத்திருக்க வேண்டாம். தகவல் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போகும், பொட்டலம் போனால் மட்டும் காசு. நிமிஷக் கணக்கு போய் கிலோபைட் கணக்கு வந்தது.

ஏபிஎன்: எந்த வாசல் வழியாக?

ஜிபிஆர்எஸ் செட்டிங்கில் முக்கியமான கட்டம் ஏபிஎன். அக்சஸ் பாயின்ட் நேம். பிஎஸ்என்எல்லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்', ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்', ஏர்செல்லுக்கு 'ஏர்செல்ஜிபிஆர்எஸ்' என்று சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். பல பேர் இதை பாஸ்வேர்டு மாதிரி ஒரு ரகசியச் சொல் என்று நினைத்திருந்தார்கள். ரகசியம் எதுவும் இல்லை. அது ஒரு வாசலின் பெயர்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் பஸ் ஏறுகிறோம். மெயின் அருவியா, ஐந்தருவியா என்று கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லித்தான் டிக்கெட் வாங்குவோம். பஸ்ஸும் ரோடும் ஒன்றுதான், இறங்குகிற இடம் வேறு. ஏபிஎன்னும் அப்படித்தான். போனிலிருந்து டவர், டவரிலிருந்து கம்பெனியின் நெட்வொர்க் வரை எல்லோருக்கும் ஒரே பாதை. அங்கிருந்து உங்களை எந்த கேட்வேயில் இறக்கி விடணும் என்பதைத்தான் ஏபிஎன் சொல்கிறது.

பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வாசல் வைத்திருந்தன. ஒன்று முழு இன்டர்நெட்டுக்கு. இன்னொன்று அவர்களுடைய சொந்தக் கடைக்கு. ரிங்டோன், வால்பேப்பர், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் அங்கே கிடைக்கும். இந்த இரண்டாவது வாசலில் ஒரு ப்ராக்ஸி நிற்கும். செட்டிங்கில் ப்ராக்ஸி முகவரி என்று நாலு எண்களும், போர்ட் என்று 8080 போல ஒரு எண்ணும் போடச் சொன்னது இதற்காகத்தான். பிரௌசர் கேட்கிற பக்கத்தை அந்த ப்ராக்ஸிதான் வாங்கிக் கொடுக்கும். எதைக் கொடுக்கணும், எதற்கு எவ்வளவு காசு என்று முடிவு செய்வதும் அதுதான்.

"பிரௌசர் வேலை செய்யுது, மெயில் மட்டும் வரல" என்பது அந்தக் காலத்தில் அடிக்கடி கேட்ட புகார். அதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ப்ராக்ஸிக்கு வெப் பக்கம் மட்டும்தான் தெரியும். மெயில் போவது வேறு போர்ட்டுகளில்: பாப்3-க்கு 110 அல்லது 995, ஐமேப்புக்கு 143 அல்லது 993. கடை வாசலில் அந்தப் போர்ட்டுகளுக்கு வழி கிடையாது. போனும் சரி, பாஸ்வேர்டும் சரி, மெயில் சர்வரும் சரி. இறங்கின இடம் தப்பு. ஏபிஎன்னை மாற்றி, ப்ராக்ஸி கட்டத்தைக் காலியாக விட்டால் மெயில் வந்துவிடும்.

செட்டிங் எஸ்எம்எஸ்ஸில் என்ன இருந்தது?

கஸ்டமர் கேருக்கு போன் மாடலைச் சொன்னால் செட்டிங் எஸ்எம்எஸ்ஸில் வரும், நினைவிருக்கா? அது நாம் படிக்கிற எஸ்எம்எஸ் அல்ல. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம் உண்டு. அதற்குள் எழுத்துக்குப் பதிலாக பைனரி தகவலை அடைத்து, "இது போர்ட் 2948-க்கு" என்று தலைப்பில் எழுதி அனுப்புவார்கள். அதைப் பார்த்த போன் இன்பாக்ஸில் போடாமல், "புதிய செட்டிங் வந்திருக்கிறது, சேமிக்கவா?" என்று கேட்கும். சில சமயம் ஒரு பின் நம்பரும் கேட்கும்.

மாடல் பெயர் ஏன் கேட்டார்கள்? எல்லாப் போன்களும் இந்தத் தகவலை ஒரே வடிவத்தில் எதிர்பார்க்கவில்லை. ஒரு போனுக்கு அனுப்புவது இன்னொரு போனுக்குப் புரியாமல் போகலாம். எந்தப் பட்டியலிலும் இல்லாத போன் என்றால் எஸ்எம்எஸ் வந்தும் பிரயோஜனமில்லை. கையால்தான் போட வேண்டும்.

கையால் போடும்போது

நோக்கியா 6600-ல் டூல்ஸ், செட்டிங்ஸ், கனெக்‌ஷன், அக்சஸ் பாயின்ட்ஸ் என்று போக வேண்டும். அங்கே வரும் கட்டங்கள்:

கனெக்‌ஷன் நேம்: உங்களுக்கான அடையாளம் மட்டும். "மாடசாமி" என்று வைத்தாலும் வேலை செய்யும்.

டேட்டா பேரர்: ஜிபிஆர்எஸ்ஸா, பழைய டேட்டா காலா என்பது. இதை மாற்றி வைத்தால் போன் எங்கேயோ டயல் செய்ய ஆரம்பித்துவிடும்.

யூசர்நேம், பாஸ்வேர்டு: பெரும்பாலும் காலி. நீங்கள் யார் என்பதை சிம் ஏற்கனவே சொல்லிவிட்டது. டயல்-அப் காலத்திலிருந்து வந்த கட்டம் இது.

ஆதென்டிகேஷன்: 'நார்மல்', 'செக்யூர்' என்று இரண்டு. பாஸ்வேர்டை அப்படியே அனுப்புவது முதலாவது, குழப்பி அனுப்புவது இரண்டாவது. பாஸ்வேர்டே இல்லாதபோது எதை வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

ஹோம்பேஜ்: பிரௌசர் திறந்ததும் போகும் பக்கம். கம்பெனி அனுப்பிய செட்டிங்கில் அவர்கள் கடையின் முகவரி இருக்கும்.

இவ்வளவையும் போட்டுவிட்டு, போனை ஒருமுறை அணைத்துப் போடணும். மூலையில் ஜிபிஆர்எஸ் அடையாளம் வந்தால் பாதி வேலை முடிந்தது.

மெயில் பெட்டி

மீதிப் பாதி மெசேஜிங் மெனுவுக்குள். மெயில் வர ஒரு சர்வர், போக ஒரு சர்வர். வருவதற்கு பாப்3 அல்லது ஐமேப், போவதற்கு எஸ்எம்டிபி. பாப்3 என்பது தபால்காரர் வீட்டில் கொண்டுவந்து போடுகிற மாதிரி: கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும். ஐமேப் என்பது தபால் ஆபீஸில் உங்களுக்கென்று ஒரு பெட்டி: கடிதம் அங்கேயே இருக்கும், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஜிமெயில் 2004 ஏப்ரலில் அழைப்பின் பேரில் கிடைக்க ஆரம்பித்தது. அந்த நவம்பரில் பாப் வசதியும், 2007 அக்டோபரில் ஐமேப்பும் வந்தன. ஆக மூணு வருஷம் பாப் மட்டும்தான். அதில் ஒரு சிக்கல்: பிரௌசிங் சென்டரிலோ ஆபீஸிலோ அவுட்லுக்கில் ஒருமுறை இறக்கிய மெயில் போனுக்கு வராது. "இதை ஏற்கனவே கொடுத்தாச்சு" என்று ஜிமெயில் கணக்கு வைத்திருக்கும். இதற்கு ஜிமெயிலே ஒரு வழி வைத்திருந்தது. யூசர்நேமுக்கு முன்னால் 'ரீசன்ட்:' என்று சேர்த்தால், வேறு எங்கே இறக்கியிருந்தாலும் கடைசி 30 நாள் மெயில் இங்கேயும் வரும்.

அப்புறம் காசு. பல பிளான்களில் 10 கேபிக்கு 10 பைசா. கேட்க அற்பமாக இருக்கும், கணக்குப் போட்டால் ஒரு எம்பிக்குப் பத்து ரூபாய். மெயிலில் ஒரு படம் வந்தால் அது படமாக வருவதில்லை. மெயில் என்பது எழுத்துகளுக்காகச் செய்த அமைப்பு, அதனால் படத்தையும் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பும். இதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 2 எம்பி போட்டோ ஒன்று வந்தால் சுமார் 2.7 எம்பி இறங்கும். ஏறக்குறைய 27 ரூபாய். ப்ரீபெய்டில் இருந்த காசு ஒரே ஒரு கல்யாணப் போட்டோவில் காலி.

அதனால்தான் 'ரிட்ரீவ் ஹெடர்ஸ்' என்ற வசதி இருந்தது. முதலில் யார் அனுப்பியது, என்ன தலைப்பு என்று மட்டும் இறக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து முழுசாக இறக்கலாம். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு இன்டர்வியூ தகவலுக்குக் காத்திருக்கிறவருக்கு இது பெரிய உதவி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிரௌசிங் சென்டருக்கு ஓட முடியாது, ஹெடர் பார்க்கச் சில பைசா போதும்.

குற்றாலம் சீசனும் புளியரை எல்லையும்

செட்டிங் எல்லாம் சரி, ஆனாலும் நெட் நகராது. நம்ம ஊரில் இதற்கு இரண்டு காரணம் உண்டு.

முதலாவது கூட்டம். ஜிஎஸ்எம் டவரில் ஒரு அலைவரிசையை எட்டு நேரத் துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. பேச்சுக்குத்தான் முன்னுரிமை, மிச்சமிருக்கும் துண்டுகளில் ஜிபிஆர்எஸ் ஓடும். ஜூன், ஜூலையில் சாரல் விழுந்து, மெயின் அருவி பக்கம் கூட்டம் நிரம்பி, ஆளுக்கொரு பக்கம் "எங்க நிக்கிற?" என்று போன் பேசினால் டேட்டாவுக்கு என்ன மிஞ்சும்? அதே டவர், அதே போன், ஜனவரியில் வேலை செய்தது ஜூலையில் முக்கும்.

இரண்டாவது எல்லை. செங்கோட்டை தாண்டிப் புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு. தமிழ்நாடு ஒரு டெலிகாம் வட்டம், கேரளா இன்னொன்று. டவர் சிக்னலுக்கு மாநில எல்லை தெரியாது. மலைச்சரிவில் அந்தப் பக்கத்து டவர் பலமாக இருந்தால், நீங்கள் தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் போன் ரோமிங்குக்குத் தாவிவிடும். ரோமிங்கில் டேட்டா நேராக அங்கிருந்து நெட்டுக்குப் போகாது. உங்கள் சொந்த வட்டத்து கேட்வேக்குத் திரும்பி வந்து, அங்கிருந்துதான் வெளியே போகும். அதற்கு இரண்டு நெட்வொர்க்குக்கும் இடையில் டேட்டா ஏற்பாடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச முடியும், மெயில் வராது. நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, சொந்த நெட்வொர்க்கைப் பிடித்து வைப்பதுதான் வழி. எல்லையோரக் கிராமங்களில் இருக்கிறவர்களுக்கு இது கைவந்த கலை.

தமிழுக்காக இன்னொரு இடைத்தரகர்

மெயில் வந்துவிட்டது, திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கிறது. போனில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துரு இருந்த சில போன்களில் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும்.

இதற்குத் தீர்வு வந்தது நார்வேயிலிருந்து. 2006 ஜனவரியில் ஓபரா மினி உலகம் முழுக்க வெளியானது. அது உண்மையில் முழு பிரௌசர் அல்ல. நீங்கள் கேட்கும் பக்கத்தை ஓபராவின் சர்வர் திறந்து, சுருக்கி, போனுக்கு அனுப்பும். பத்து ரூபாய்க்கு ஒரு எம்பி என்ற காலத்தில் இந்தச் சுருக்கமே பெரிய விஷயம். பின்னால் வந்த பதிப்புகளில் முகவரிப் பட்டையில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு பயன்படுத்தவா என்ற வரியில் 'யெஸ்' கொடுத்துச் சேமித்தால் தமிழ் சுத்தமாகத் தெரியும். போனில் எழுத்துரு தேவையில்லை. சர்வரே தமிழை வரைந்து படமாக அனுப்பிவிடும். படம் என்பதால் டேட்டா கொஞ்சம் கூடுதலாகும், அவ்ளோதான். யூனிகோடில் இருந்த தமிழ் விக்கிப்பீடியாவையும் வலைப்பதிவுகளையும் ஒரு சாதாரண ஜாவா போனில் பல பேர் முதன்முதலாகப் படித்தது இப்படித்தான். 2009, 2010 வாக்கில் ஏர்செல்லின் 98 ரூபாய் பாக்கெட் இன்டர்நெட்டும் சேர்ந்ததும் காசு பயமும் குறைந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்க. பக்கத்தைத் திறப்பது ஓபராவின் சர்வர் என்றால், பூட்டுப்போட்ட பக்கத்தையும் திறப்பது அதுதான். ஜிமெயில் பாஸ்வேர்டை நீங்கள் அடித்தால் ஓபரா வரை ஒரு பூட்டு, ஓபராவிலிருந்து கூகுள் வரை இன்னொரு பூட்டு. நடுவில் ஒரு கணம் திறந்துதான் இருக்கும். அதற்கு முந்தைய வாப் கேட்வேயிலும் இதே கதைதான், அதை 'வாப் இடைவெளி' என்றே சொல்வார்கள். திருடினார்கள் என்று சொல்லவில்லை. நம்பித்தான் ஆகவேண்டிய இடத்தில் ஒருவர் இருந்தார், பயன்படுத்திய பெரும்பாலோருக்கு அவர் இருப்பதே தெரியாது.

இப்போ அந்தப் போனில் மெயில் வருமா?

பழைய 6600-ஐ எடுத்து சார்ஜ் போட்டு முயற்சி பண்ணலாம். 2ஜி சிக்னல் நம்ம பக்கம் இன்னும் கிடைக்கிறது. ஜியோ சிம்மில் மட்டும் எதுவும் வராது, ஏன்னா ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. ஆனாலும் மெயில் வராது. இன்றைய சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 பூட்டு அந்தப் போனுக்குத் தெரியாது. அதில் பதிந்திருக்கும் சான்றிதழ்களும் காலாவதி. பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து உள்ளே வருவதையும் கூகுள் 2022-லிருந்து நிறுத்த ஆரம்பித்துவிட்டது. போன் கெட்டுப்போகவில்லை. எதிர்முனை மொழியை மாற்றிக்கொண்டது.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ ஆபீஸ் இருக்கிறது. மெயில் சேவை நடத்துகிற கம்பெனி. மெயில் மென்பொருள் வேலை நம்ம வயல்காட்டுக்கு நடுவிலேயே வந்துவிட்டது. போனில் மெயில் சேரும் பாதை மட்டும் அன்றைவிட இன்று அதிகமாக மறைந்திருக்கிறது.

கட்டங்கள் மறைந்தபின்

கடை வாசல் என்ற யோசனை ஏபிஎன்னோடு போகவில்லை. பத்து வருஷம் கழித்து, சில தளங்கள் மட்டும் இலவசம் என்று ஃப்ரீ பேசிக்ஸ் உருவில் வந்தது. 2016 பிப்ரவரி 8-ல் டிராய், எந்தத் தளம் என்பதைப் பார்த்து டேட்டா விலையை மாற்றக்கூடாது என்று விதி போட்டதும்தான் அது நின்றது. இன்று உங்கள் போனில் "புது மெயில்" என்று மணி அடிக்கிறதே, ஆண்ட்ராய்டில் அது பெரும்பாலும் கூகுளின் சர்வர் வழியாக வருகிறது, ஐபோனில் ஆப்பிளின் சர்வர் வழியாக. எந்தக் கட்டத்திலும் நாம் அந்தப் பெயரை எழுதவில்லை.

இதில் ரொம்பக் கிட்டத்தில் நிற்கிற ஆள் ஒருத்தர் உண்டு: செல்போன் கடைக்காரர். அன்று செட்டிங் போடத் தெரியாதவர்கள் போனோடு மெயில் பாஸ்வேர்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்தார்கள். இன்றும் ஊர்ப்பக்கம் ஸ்மார்ட்போன் வாங்குகிற பெரியவர்களுக்கு ஜிமெயில் கணக்கை உருவாக்கிக் கொடுப்பது பெரும்பாலும் கடையில்தான். பாஸ்வேர்டு அவர் வைத்தது, ரெக்கவரி எண் சில சமயம் அவருடையது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அவசரத்தில் செய்கிறார். ஆனால் அந்தக் கணக்கில்தான் இப்போ தொடர்பு எண்கள், போட்டோக்கள், வங்கி மெயில்கள் எல்லாம் இருக்கின்றன. போனை ஒருநாள் ரீசெட் செய்தால் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கலாம். தெரியாவிட்டால் போன் திறக்காமல் போகலாம். 2018-ல் ஏர்செல் திவாலாகி நின்றபோது, எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றாமல் விட்டவர்களுக்கு அந்த எண்ணோடு ரெக்கவரி வழியும் போனது.

அதனால் ஒரு சின்ன வேலை. இந்த வாரம் உங்கள் அப்பா, அம்மா, ஆச்சி போனை வாங்கி, கூகுள் கணக்கு செட்டிங்கில் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து பாருங்க. மூன்றே விஷயம்: ரெக்கவரி எண் யாருடையது, ரெக்கவரி மெயில் யாருடையது, வேறு எந்தெந்தப் போனில் அந்தக் கணக்கு திறந்திருக்கிறது. தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்க, பாஸ்வேர்டை மாற்றி அவர்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்க. ஏபிஎன்னை அடித்த அதே பொறுமை வேண்டும், ஒரு கால் மணி நேரம் ஆகும்.